தோட்டப்புற ஊரில் எச்.ஐ.வியோடு வாழ்பவருக்கு எந்தத் துணை பொருந்தும்?

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி தொற்று 1986இல் பதிவானது. அன்று அந்த முடிவைக் கேட்டு நின்றவருக்கு மருத்துவர் சொல்லக்கூடிய ஆறுதல் மிகக் குறைவு. இன்று முதல்நிலைக் கூட்டுமருந்துகளை அரசு மருத்துவமனைகளும் சுகாதாரக் கிளினிக்குகளும் 2006 முதல் இலவசமாகத் தந்து வருகின்றன; நாள் தவறாமல் உட்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ ஆறு மாதத்திற்குள் இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாதபடி இறங்கிவிடுகிறது; அப்படி இறங்கி நிலைத்தவரிடமிருந்து பாலுறவின் வழி துணைக்குத் தொற்று பரவுவதில்லை என்பதை 2016இலும் 2019இலும் வெளிவந்த பார்ட்னர் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில் குடியிருக்கும் ஒருவர், தம் நோயைப் பற்றி மருத்துவரையும் மிஸ்ஸி என்று நாம் அழைக்கும் தாதியையும் தவிர வேறு எவரிடமும் வாய் திறக்காமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்.

அவர் யாரோடு பேசலாம், எங்கே போகலாம் என்பதே இங்கே கேள்வி. வழிகள் இருக்கின்றன: நகரத்தில் கூடும் ஆதரவுக் குழு, கைப்பேசிக் குழு, இதே நோயோடு வாழும் ஒருவரைத் தனித் துணையாகப் பெறுவது, உள்ளூரிலேயே ஒரு குழு தொடங்குவது, நோயைச் சொல்லாமல் கோயில், விளையாட்டு, சங்கம் என்று ஊர் வாழ்க்கையில் கலந்திருப்பது. இவற்றில் ஒன்றை எல்லாருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்க முடியாது. ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஊரோரத் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் லயத்தில் பழகிய பழக்கம் மக்களை விடவில்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் அடுத்த வீட்டில் உலை ஏறுகிறது. ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் தெருவே மகிழ்கிறது. இந்த நெருக்கம் நம் மக்களைப் பல கஷ்டங்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. எச்.ஐ.வியோடு வாழ்பவரை அஞ்ச வைப்பதும் இதே நெருக்கம்தான். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் பள்ளித் தோழனின் தங்கையாக இருக்கலாம். எதிர்நாற்காலியில் நீரிழிவு மருந்துக்குக் காத்திருப்பவர் பெரியம்மாவாக இருக்கலாம். மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளைக் கிளினிக்கின் கழிப்பறையிலேயே உரித்துப் போட்டுவிட்டு, மோட்டாரில் போகும்போது மாத்திரைகள் குலுங்கிச் சத்தம் போடாதிருக்கப் புட்டிக்குள் பஞ்சைத் திணித்துக்கொண்டு வீடு திரும்புபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சு எதற்கு என்று புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு மனிதர் அவர்களுக்கு வேண்டும்.

ஆகவே எந்த வழியை எடை போட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பேன். இதில் சேர்ந்தால் என் செய்தி யார் யார் காதுக்குப் போகும்? அங்கே நான் தமிழில் பேச முடியுமா? நான்கு மாதம் கழித்தும் என்னால் இதைத் தொடர முடியுமா? முதல் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத வழியில், மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், காலடி வைக்க வேண்டாம்.

நகரக் குழுவிலிருந்து தொடங்குவோம். 1992இல் அமைந்த மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் கீழ் நாடெங்கும் பல இயக்கங்கள் ஒருங்கிணைந்து செயல்படுகின்றன. கோலாலம்பூரில் 1987 முதல் இயங்கும் பி.டி. அறநிறுவனம் அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட இயக்கங்கள் நடத்தும் கூட்டங்களுக்குப் போவதன் பெரிய இலாபம், நம்மை அறியாதவர்கள் நடுவில் நாம் நாமாக உட்கார முடிவதுதான். ஒரே அறையில் பத்துப் பேர் அமர்ந்து, ஒருவர் தம் மகளின் திருமணத்தைப் பற்றியும் இன்னொருவர் இருபது ஆண்டுகளாக மருந்தெடுத்து வருவதைப் பற்றியும் பேசக் கேட்பது, எத்தனை கையேடுகளைப் படித்தாலும் கிடைக்காத தைரியத்தைத் தரும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான்; பேருந்து உண்டு, இரயிலும் நிற்கிறது. தூரம் பெரிய தடையன்று.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. நகரக் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ சீனத்திலோ போகும். தொழிற்சாலையில் மலாய் பேசிப் பழகிய இளைஞருக்கு இது பொருட்டில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, கணவரிடமிருந்து தொற்றைப் பெற்று, அவரையும் இழந்துவிட்ட ஐம்பது வயதுப் பெண்மணிக்கு நிலைமை அப்படியில்லை. மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் அளவுக்கு அவருக்கு மலாய் தெரியும்; கணவர் மேல் உள்ள கோபத்தையும் இரக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்குத் தெரியாது. அவர் மூலையில் அமர்ந்து தேநீர் குடித்துவிட்டு எழுந்து வருவார். இரண்டாம் முறை போகமாட்டார். சனிக்கிழமைதோறும் எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்பதும் உண்மையான சிக்கல். நகரக் குழு நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே ஓரளவு தேறியவருக்கு அது அதிகம் பயன்படும்.

கைப்பேசிக் குழுவுக்கு இந்தத் தடைகள் இல்லை. இரவு வேலை முடிந்து வந்தவர் விடியற்காலையில் கேள்வி போடலாம். தமிழிலேயே எழுதலாம், எழுதவராதவர் குரல்பதிவு அனுப்பலாம். ஆனால் இதில் சேர்வதற்கு முன் சில காரியங்களைச் செய்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக உங்கள் எண் மற்ற உறுப்பினர் கண்ணுக்குத் தெரியும். அந்த எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் குழுவில் இருந்தால், உங்களை யாரென்று கண்டுகொள்ள அவருக்கு ஒரு நொடி போதும். டெலிகிராமில் எண்ணை மறைத்துப் புனைபெயரில் இருக்க முடியும். அமைப்புகளில் எண்ணை எவரும் பார்க்கக் கூடாது என்று மாற்றிவிட்ட பிறகே சேர வேண்டும். குடும்பப் படத்தை முகப்பில் வைக்கக் கூடாது. பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி நிறுத்திவைக்க வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கைப்பேசியில் வந்து விழும் ஒரு வரி போதும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. அதை நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையாக எச்சரிப்பேன். எச்.ஐ.வியை அடியோடு தீர்க்கும் மூலிகை, கஷாயம், சத்துமாவு என்று விற்க வருபவர்கள் இப்படிப்பட்ட குழுக்களைத் தேடி வருகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தினால், சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும். பொறுப்பாளர் யாரென்று தெரியாத குழுவில், மருந்தை நிறுத்தச் சொல்லும் ஒரு செய்தியைப் பார்த்தாலும் அன்றே வெளியேறிவிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து நடத்தப்படும் குழுக்கள் மனத்துக்கு நெருக்கமாக இருக்கும். அவற்றில் பேசலாம், ஆனால் மருந்து பற்றியும் சட்டம் பற்றியும் அங்கே சொல்லப்படுவது இங்கே அப்படியே பொருந்தாது. இந்தியாவில் எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்க 2017இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. வேலையிடத்தைப் பொறுத்தவரை நம்மிடம் உள்ளது 2001இல் வெளியான நடைமுறைக் கோவை. அது முதலாளிகளுக்கு வழிகாட்டுகிறதே தவிர, சட்டத்தைப் போலக் கட்டுப்படுத்துவதில்லை.

இனி, நான் முதலிடம் கொடுக்கும் வழி. எச்.ஐ.வியோடு வாழ்ந்து, மருந்தில் நிலைத்து, பயிற்சி பெற்ற ஒருவர், புதிதாக முடிவு தெரிந்தவருக்குத் தனித் துணையாக இருப்பது. மலேசிய எய்ட்ஸ் மன்றமும் அதன் உறுப்பியக்கங்களும் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இத்தகைய சக துணைவர்களை அமர்த்தி வந்திருக்கின்றன. நோயோடு வாழ்பவர்களே தங்களைப் பற்றிய முடிவுகளில் பங்கெடுக்க வேண்டும் என்று 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நோயாளிகளே எழுப்பிய குரலும், 1994இல் பாரிஸ் மாநாட்டில் 42 நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கையும் இந்த ஏற்பாட்டுக்கு வேராக இருந்தன. உலகச் சுகாதார நிறுவனமும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், மருந்தைத் தொடர்ந்து எடுக்க உதவும் முறைகளுள் ஒன்றாகச் சக ஆலோசகர்களைக் குறிப்பிட்டது.

தோட்டப்புற ஊருக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், இரகசியம் ஒரே ஒருவரிடம்தான் போகிறது. அந்த ஒருவருக்கும் காக்க வேண்டிய அதே இரகசியம் இருக்கிறது. ஈப்போவிலோ கோலகங்சாரிலோ இருப்பவரைத் துணையாகக் கேட்டால், ஊர்ப்பேச்சு வட்டத்துக்கு வெளியிலேயே எல்லாம் முடிந்துவிடும். மாதம் ஒரு முறை சந்திப்பு, இடையில் தொலைபேசி என்றால் செலவும் அதிகமில்லை. வீட்டில் விளக்கம் சொல்வதும் எளிது. மருத்துவமனைக்குப் போகிறேன் என்பது பொய்யும் அன்று.

இந்தத் துணை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் அதன் அருமை புரியும். மருத்துவர் பத்து நிமிடத்தில், மாத்திரையை ஒரே நேரத்தில் எடுங்கள், மறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். துணைவர் கேட்கும் கேள்விகள் வேறு. மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அண்ணி வந்து அலமாரியைத் திறப்பாரா? மாமியார் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போய் நான்கு நாள் தங்கினால் எப்படி எடுப்பீர்கள்? வைட்டமின் டப்பாவில் மாற்றி வைத்தால் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிட மாட்டார்களா? “தங்கச்சி, எனக்கும் முதல் மாசம் கெட்ட கெட்ட கனவா வந்துச்சு, டாக்டர்கிட்ட சொன்னேன், மாத்திக் கொடுத்தாங்க. நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க” என்று சொல்ல அவரால் மட்டுமே முடியும். புகார் சொல்லப் பயந்து மருந்தையே விட்டுவிடும் பழக்கம் நம் பெரியவர்களிடம் இருக்கிறது. அதை உடைப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். துணைவர்களில் ஆண்களே மிகுதியாக இருக்கும் இடத்தில், பெண்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். பெண் துணைவர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்படத் தேவையில்லை. தமிழ் பேசுபவர் கிடைப்பது எல்லா மருத்துவமனையிலும் எளிதன்று. இயக்கங்களின் நிதி குறைந்தால் பதவியும் போய்விடுகிறது, பழகிய குரல் திடீரென்று நின்றுபோகிறது. ஒரே மனிதர் மேல் முழுப் பாரத்தையும் சாய்ப்பது அவருக்கும் நல்லதன்று. ஆகவே இது தொடக்கத்துக்கு உரிய துணை. ஓராண்டுக்குள் இன்னும் இருவரோடாவது பழக்கம் ஏற்பட வேண்டும்.

உள்ளூரிலேயே வெளிப்படையாக ஒரு குழு தொடங்கலாமா என்று சமூக ஆர்வலர்கள் கேட்பதுண்டு. எண்ணம் உயர்ந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா, திருமணமான சில வாரங்களில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்து, பின்னர் முகத்தை மறைக்காமல் பேச முன்வந்து, 1998இல் மற்றப் பெண்களோடு சேர்ந்து சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கியது தமிழ்ப் பெண்கள் வரலாற்றில் மறக்கக் கூடாத நிகழ்வு. அந்தத் துணிவினால் பல்லாயிரம் பெண்கள் தனியாக இல்லை என்று உணர்ந்தார்கள். ஆனால் வெளியே வருவது என்று முடிவெடுத்தவர் அவர்தான். ஊர்த் தலைவரோ ஆர்வலரோ அவருக்காக எடுக்கவில்லை. நம் ஊரில், மண்டபத்தின் பின்னறையில் மாதம் ஒருநாள் கூடும் ஒரு குழு, அதன் பெயரை எவ்வளவு நயமாக வைத்தாலும், மூன்றாம் மாதத்தில் அடையாளம் காணப்பட்டுவிடும். அந்த வாசலில் நின்ற மோட்டார்களின் எண்கள்கூடப் பேச்சாகும். ஆர்வலர்கள் உண்மையில் உதவ விரும்பினால், நோயாளிகளைக் கூட்டாமல் ஊரைக் கூட்டட்டும். கட்டித் தழுவுவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், கொசுக் கடியாலும் பரவாது என்பதை இன்னும் எத்தனையோ முறை சொல்ல வேண்டியிருக்கிறது. கருவுற்ற தாய்மார்களுக்குச் சோதனையும் மருந்தும் கொடுத்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி பரவுவதை ஒழித்த நாடாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான். இந்தச் செய்தியைத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் எத்தனை பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்!

கடைசி வழியைப் பலர் துணையென்றே எண்ணுவதில்லை: எதையும் சொல்லாமல், முன்பு போலவே கோயில் திருப்பணியிலும் பந்து விளையாட்டிலும் பெண்கள் வழிபாட்டுக் குழுவிலும் இருப்பது. முடிவு தெரிந்தவர் முதலில் செய்வது இவற்றிலிருந்து ஒதுங்குவதுதான். அந்த ஒதுக்கம் ஊர் செய்ததன்று, அவரே தமக்குச் செய்துகொண்டது. அன்னதானத்துக்குக் காய் நறுக்குவதில் எந்த ஆபத்தும் இல்லை. சமைத்த உணவால் எச்.ஐ.வி பரவாது. எவரிடமும் சொல்லும் கடமையும் இதில் இல்லை. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி மருத்துவர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மை. அது கோயில் தலைவருக்கோ கங்காணிக்கோ தெரிவிப்பது ஆகாது. கணவன் அல்லது மனைவியின் நிலை வேறு. அவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதால் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. தனியாகச் சொல்ல முடியாவிட்டால் கிளினிக்கில் மருத்துவர் முன்னிலையில் சொல்லலாம்.

ஊர் வாழ்க்கையில் இரண்டு இடங்களில் மட்டும் முன்யோசனை வேண்டும். ஒன்று, கட்சிக் கிளைகளும் கோயில்களும் நடத்தும் இரத்த தான முகாம். எச்.ஐ.வி உள்ளவர் இரத்தம் கொடுக்கக் கூடாது, வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் இருந்தாலும் கூடாது. நண்பர்கள் வரிசையில் நின்றுகொண்டு இழுக்கும்போது தடுமாறாமலிருக்க, “நான் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் கொடுக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்” என்ற பதிலை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது நல்லது. முழுவதும் உண்மையான பதில் அது. மற்றொன்று, தைப்பூசத்தில் அலகு குத்துவது. கண்டறிய முடியாத நிலையில் தொற்று பரவாது என்பது பாலுறவைப் பற்றி நிறுவப்பட்ட உண்மை. ஊசியையோ அலகையோ பகிர்வதற்கு அதை நீட்டிக்கக் கூடாது. நேர்த்திக்கடனை விட வேண்டியதில்லை. அலகும் கொக்கிகளும் தமக்கென்று புதிதாக வாங்கி, தமக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும். கல்லீரல் அழற்சி நோய்களும் இரத்தத்தால் பரவுவதால், எல்லாப் பக்தர்களும் பின்பற்ற வேண்டிய முறை இதுவே; கோயில் நிர்வாகமே இதை விதியாக்கினால் எவரும் தனித்துத் தெரியமாட்டார்.

இந்த வழியால் தனிமை முழுவதும் தீராது. கூட்டத்தின் நடுவில் இருந்துகொண்டே, தெரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்போடு சிரிப்பது களைப்பைத் தரும். அதனால்தான் தனித் துணையும் ஊர்க் கலப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறேன். ஒன்றில் உண்மையைப் பேசவும், மற்றொன்றில் சாதாரண மனிதராக வாழவும்.

ஆளுக்கு ஏற்ப இந்த வரிசை மாறும். ஈப்போவில் வேலை செய்யும், மலாய் சரளமாகப் பேசும் இளைஞர் நேரே நகரக் குழுவுக்குப் போகலாம். வேலை முடிந்து வரும் வழியில்தான் அது. முன்பு ஊசிவழிப் போதைப்பழக்கம் இருந்து, போதைப்பொருளுக்குப் பதிலாகத் தரப்படும் மருந்தான மெத்தடோனை வழங்க 2005இல் நாட்டில் தொடங்கிய திட்டத்தில் இணைந்து நிலைபெற்றவருக்கு, மெத்தடோன் வாங்கும் இடத்திலேயே தம் நிலையைப் புரிந்த தோழர்கள் இருப்பார்கள். எய்ட்ஸ் குழுவைவிட அந்தத் தோழமையே அவருக்கு இயல்பாக வரும். மேலே சொன்ன ஐம்பது வயதுப் பெண்மணிக்குத் தமிழ் பேசும் பெண் துணைவர் ஒருவர். அது கிடைக்கும்வரை, எண்ணை மறைத்த கைப்பேசிக் குழுவில் குரல்பதிவு. தோட்டங்களில் இப்போது வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை இவர்கள் எல்லாரையும்விட மோசம்: கட்டாய மருத்துவச் சோதனையில் தொற்று தெரிந்தால் வேலை அனுமதியே போய்விடும் என்பதால், அவர்கள் எந்த வழியையும் தேடி வரத் துணிவதில்லை.

அடுத்த அப்பாயின்மென்ட் அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். மற்றவர்கள் காதில் விழாதபடி அறைக்குள் இருக்கும்போது, “மிஸ்ஸி, இதே மருந்து சாப்பிடுகிற, தமிழ் பேசுகிற ஒருவரோடு பேச வழி இருக்கிறதா? இந்த ஊராக இல்லாமல் இருந்தால் நல்லது” என்று கேட்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். தம் எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை, முதல் அழைப்பைத் தாமே செய்யலாம். கிளினிக்கில் அப்படி எவரும் இல்லையென்றால் கோலாலம்பூரிலுள்ள மலேசிய எய்ட்ஸ் மன்றத்தை அழைத்து, பேராக்கில் தமிழ் பேசும் துணைவர் யார் இருக்கிறார் என்று பெயர் சொல்லாமலேயே கேட்கலாம்.